அத்தியாயம் 7: ஆறில் ஒரு பங்கு அலங்காரம்

1959 மார்ச்சில் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் பார்பி முதன்முதலாக வந்து நின்றபோது அவள் உடுத்தியிருந்தது கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட நீச்சலுடை ஒன்றுதான். அவளை அந்தக் காலத்து நாகரிகப் பெண்ணாகக் காட்டியவை மற்ற சில்லறைச் சாமான்கள்: காதில் தங்க நிற வளையம், காலில் கறுப்புக் குதிகால் செருப்பு, வெள்ளைச் சட்டத்தில் நீலக் கண்ணாடி பதித்த கூலிங் கிளாஸ். உடை யாரென்று சொல்லும். கூட வரும் சாமான்தான் எந்தக் காலம் என்று சொல்லும்.

இந்த அத்தியாயத்தில் 1950களின் கடைசி, 1960களின் தொடக்கம் என்ற அந்தக் காலத்துக்குரிய ஐந்து பொருள்களைச் செய்யப்போகிறோம்: தொப்பிப் பெட்டி, வலை தொங்கும் சிறு தொப்பி, முத்துமாலை, செர்ரிப் பழம் வைத்த கூடைப் பை, பூனைக்கண் கண்ணாடி. எளிதானதிலிருந்து கடினமானதற்குப் போகும்படி வரிசைப்படுத்தியிருக்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்தால் கை தானாகப் பழகும்.

சாமான்களைச் சிறிய அளவில் செய்யும் இந்தக் கலையில் எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் 1945-ல் பாரிஸில் நடந்த 'தியேத்ர் த லா மோத்' கண்காட்சியின் படங்களைத் தேடிப் பாருங்கள். போர்க்காலத் துணித் தட்டுப்பாட்டில் முழு அளவு உடை தைக்க வழியில்லாத உடையலங்கார நிறுவனங்கள், கம்பியால் செய்த சுமார் 70 செ.மீ. உயரப் பொம்மைகளுக்கு உடை தைத்தன. தொப்பி செய்பவர்களும் செருப்புத் தைப்பவர்களும் நகை செய்பவர்களும் தங்கள் தங்கள் வேலையைச் சிறிய அளவில் செய்து கொடுத்தார்கள். அந்தப் பொம்மைகளில் பல இன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள மேரிஹில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. படங்களில் உடைகளை விட்டுவிட்டு முதலில் கைப்பைகளைப் பாருங்கள்.

முதலில் ஆறால் வகுங்கள்

பார்பி அளவுப் பொம்மையின் உயரம் பதினொன்றரை அங்குலம், அதாவது சுமார் 29 செ.மீ. ஆளின் அளவில் ஆறில் ஒரு பங்கு. ஆகவே எந்தப் பொருளைச் செய்வதானாலும் உண்மைப் பொருளின் அளவை எடுத்து ஆறால் வகுத்துவிடுங்கள். 30 செ.மீ. தொப்பிப் பெட்டி 5 செ.மீ. ஆகிவிடும். இது எல்லாரும் செய்வதுதான்.

பலரும் செய்யத் தவறுவது, கனத்தை வகுப்பது. நீளத்தையும் அகலத்தையும் சரியாகக் குறைத்துவிட்டு அதே அட்டை, அதே ரிப்பன், அதே துணியில் செய்துவிடுகிறார்கள். 1 மி.மீ. கனமுள்ள துணி பொம்மை உலகத்தில் 6 மி.மீ. கனம், அந்தத் துணியில் நீங்கள் உடை தைத்துப் போடுவீர்களா? 1 செ.மீ. அகல ரிப்பன் அவளுக்கு 6 செ.மீ. அகலப் பட்டி. பொம்மைச் சாமான் 'பொம்மைத்தனமாக'த் தெரிவதற்குக் காரணம் பத்தில் ஒன்பது தடவை இந்தத் தடிப்புதான். நுணுக்க வேலைப்பாடு குறைவாக இருந்தாலும் கண் மன்னித்துவிடும், தடிப்பை மன்னிக்காது. கடையில் ஒன்றைக் கையில் எடுக்கும்போதே 'இது ஆறு மடங்கானால் எப்படி இருக்கும்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். மணி, பொத்தான், துணியில் அச்சிட்ட பூ, கோடு எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இந்தப் பொம்மைகளின் தலையும் கண்ணும் உடம்போடு ஒப்பிட்டால் சற்றுப் பெரியவை. அடர்ந்த கூந்தல் வேறு. எனவே தலையில் வைப்பதையும் முகத்தில் மாட்டுவதையும் வகுத்த கணக்கோடு விட்டுவிடாமல் பொம்மையின் மேல் நேரடியாக அளந்து பாருங்கள்.

வாங்க வேண்டியவை, வீட்டிலேயே இருப்பவை

சென்னையில் இருப்பவர்களுக்குப் பாரிமுனை, சவுகார்பேட்டைப் பக்கம் ஒரு நடை போனால் எல்லாம் கிடைக்கும். மற்ற ஊர்களில் தையல் சாமான் கடையும் ஃபேன்சி ஸ்டோரும் போதும்.

- 2 மி.மீ., 3 மி.மீ. முத்து மணி, சின்னப் பாசி மணி, சிவப்பு மணி கொஞ்சம்
- 3 மி.மீ. அகலச் சாட்டின் ரிப்பன் (எளிதாகக் கிடைப்பதில் மிகக் குறுகலானது)
- கவுனுக்கு வைக்கும் மெல்லிய நைலான் நெட் துணி, கால் மீட்டர்
- சட்டைக் காலருக்கு வைக்கும் பக்ரம், மெல்லிய ரகம்
- 0.5 மி.மீ. கம்பி, நோஸ் பிளேயர், கம்பி வெட்டும் பிளேயர்
- வெள்ளைக் குரோஷே நூல், நகை கோர்க்கும் மெல்லிய நைலான் நூல், அது நுழையும் மெல்லிய ஊசி
- ஃபெவிகால், புது பிளேடு போட்ட கட்டர், ஸ்டீல் ஸ்கேல், இடுக்கி

அட்டைக்குக் கடைக்குப் போக வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து வையுங்கள். அவற்றில் மெல்லியதாகவும் விறைப்பாகவும் உள்ளவை நமக்கான கனத்துக்கு நெருங்கி வரும். சிலவற்றில் பட்டு போன்ற பளபளப்பும் இருக்கும். சாமி படமோ பெயரோ இல்லாத பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள். துணிக்குப் பழைய பட்டு ரவிக்கை, கர்ச்சீஃப், உள்லைனிங் துணி என்று மெல்லியதாகப் பார்த்து எடுங்கள்.

வேலை தொடங்கும் முன்

பசை: உடனே ஒட்டும் சூப்பர் க்ளூ ரகத்தை இந்த அத்தியாயத்தில் எங்கும் பயன்படுத்தவில்லை. பருத்தித் துணியிலோ பஞ்சிலோ அது அதிகமாகச் சிந்தினால் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். கண்ணாடித்தாளின் மேலும் பொம்மையின் மேலும் வெள்ளைப் புகை படிந்ததுபோல் மங்கலாக்கும். விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள். க்ளூ கன்னும் வேண்டாம்; அதற்குச் சூடு ஒரு காரணம், அது விடும் தடித்த கோடு இன்னொரு காரணம்.

கம்பி: வெட்டும்போது துண்டு எகிறிக் கண்ணில் படும். வெட்டப்போகும் முனையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு எதிர்ப்பக்கமாக வைத்து வெட்டுங்கள். கண்ணாடி போடாதவர்கள் இந்த வேலைக்கு ஒரு காப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பொம்மை: பார்பி வகைப் பொம்மைகளின் முகமும் பழைய பொம்மைகளின் உடம்பும் வினைல். அது சாயத்தை உறிஞ்சும்; உறிஞ்சியது எளிதில் போகாது. சிவப்பு, கறுப்பு, கருநீலம் மூன்றும் மோசமானவை. எந்தத் துணியையும் முதலில் நனைத்து, வெள்ளைப் பருத்தித் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் லேசாகச் சாயம் ஏறினாலும் அந்தத் துணியை ஒதுக்கிவிடுங்கள். செம்பு கலந்த உலோகமும் வினைலும் நெடுநாள் ஒட்டியிருந்தால் பச்சைக் கறை விழும். பழைய பார்பிகளின் காதில் சேகரிப்பாளர்கள் அஞ்சும் கறை கம்மல் உலோகத்திலிருந்து வந்ததுதான். குண்டூசியைத் தலையில் குத்தித் தொப்பியை நிறுத்தவும் கூடாது. குத்திய ஓட்டை மூடாது.

குழந்தைகள்: இவை பெரியவர்களும் விவரம் தெரிந்த பெரிய பிள்ளைகளும் கையாளும் பொருள்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் மணி டப்பாவை மூடிபோட்டு உயரத்தில் வையுங்கள். வேலை முடிந்ததும் தரையைத் தடவிப் பாருங்கள். தொப்பி நிற்பதற்குச் சின்னக் காந்தம் வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. பிள்ளைகள் கைக்குப் போகும் பொம்மையில் காந்தம் வேண்டவே வேண்டாம். ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து உயிருக்கே ஆபத்தாகும்.

1. தொப்பிப் பெட்டி

அந்தக் காலத்தில் தொப்பி வாங்கினால் வட்டப் பெட்டியில் வைத்து, மேலே ரிப்பன் கட்டிக் கொடுப்பார்கள். பொம்மை கையில் ஒரு தொப்பிப் பெட்டி தொங்கினாலே கடைக்குப் போய்த் திரும்புகிறாள் என்ற கதை கிடைத்துவிடும்.

1. அட்டையில் 5 செ.மீ. குறுக்களவில் ஒரு வட்டமும், 5.2 செ.மீ.-ல் இன்னொரு வட்டமும் வெட்டுங்கள். சிறியது அடி, பெரியது மூடி.
2. 3 செ.மீ. அகலம், 16.7 செ.மீ. நீளத்தில் ஒரு பட்டை வெட்டுங்கள். இது சுவர். இதில் 1 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.
3. பட்டையைப் பேனா மேல் வைத்து இழுத்து இழுத்து வளைவு கொடுங்கள். இதைச் செய்யாமல் ஒட்டினால் பெட்டி பல கோணமாக உடைந்து நிற்கும்.
4. வளையத்தை ஒட்டி, துணி உலர்த்தும் கிளிப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள்.
5. அடி வட்டத்தின் விளிம்பில் ஊசிமுனையால் பசை வைத்து வளையத்துக்குள் பொருத்துங்கள். உள்பக்கம் மூலையில் இன்னொரு சுற்று மெல்லிய பசை.
6. மூடிக்கு 8 மி.மீ. அகலம், 17.3 செ.மீ. நீளப் பட்டை. அடியைச் செய்தது போலவே செய்யுங்கள்.
7. வெளியே மெல்லிய தாள் ஒட்டுங்கள். கோடு போட்ட தாள் அந்தக் காலத்துக்கு அழகாகப் பொருந்தும். கோட்டின் அகலம் 2 மி.மீ.-க்கு மேல் போகக் கூடாது. தாளை ஒட்டிய பின் மூடி இறுகும். அதற்காகத்தான் வட்டத்தில் 2 மி.மீ. கூட்டி வைத்தோம்.
8. எதிரெதிராகச் சுவரில் இரண்டு துளை போட்டு, ரிப்பனோ பின்னிய நூலோ கோர்த்து உள்ளே முடிச்சிடுங்கள்.

குறிப்பு: மூடி இறுகிப்போனால் அட்டையை இழுத்துக் கிழிக்க வேண்டாம். பெட்டியின் மேல்விளிம்பில் மெழுகுவர்த்தியை ஒரு சுற்று தேய்த்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

2. வலை தொங்கும் சிறு தொப்பி

விளிம்பில்லாத, தட்டையான மேற்பகுதி கொண்ட சிறு வட்டத் தொப்பி. ஆங்கிலத்தில் மாத்திரை டப்பாவின் பெயரால் பில்பாக்ஸ் என்பார்கள். அமெரிக்க அதிபரின் மனைவி ஜாக்குலின் கென்னடி 1961-ல் கணவர் பதவியேற்ற நாளில் தொப்பிக் கலைஞர் ஹால்ஸ்டன் செய்த இவ்வகைத் தொப்பியை அணிந்து வந்த பிறகு இதன் புகழ் எங்கோ போய்விட்டது. நமக்கு இதில் இன்னொரு வசதி. உண்மைத் தொப்பி ஏறக்குறைய 18 செ.மீ. அகலம், ஆறால் வகுத்தால் 3 செ.மீ. தண்ணீர் பாட்டிலின் குட்டை மூடியும் அதே 3 செ.மீ.தான்! அச்சு இலவசமாகக் கிடைத்துவிட்டது.

மூடியையே துணியால் மூடித் தொப்பி என்று வைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். மூடியின் சுவர் தடிமனாக இருக்கும், உள்ளே திருகு மரை கூந்தலில் மாட்டும், தலையில் நிற்காமல் வழுக்கும். மூடி அச்சாக மட்டும் இருக்கட்டும்.

1. மூடியைப் பாலித்தீன் தாளால் இறுக்கிச் சுற்றுங்கள். பசை அதில் ஒட்டாது.
2. பக்ரத்தில் 1.2 செ.மீ. அகலம், 10.5 செ.மீ. நீளத்தில் பட்டை வெட்டி மூடியைச் சுற்றி ஒட்டி உலரவிடுங்கள்.
3. அட்டையில் 3 செ.மீ. வட்டம் வெட்டி வளையத்தின் மேல் ஒட்டுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மூடியை உருவி எடுங்கள். இப்போது கையில் இருப்பது தொப்பியின் எலும்புக்கூடு. விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். நசுங்கினால் ஃபெவிகாலில் பாதி தண்ணீர் கலந்து உள்ளே ஒரு பூச்சு கொடுங்கள்.
4. துணியில் 4 செ.மீ. வட்டம் வெட்டுங்கள். விளிம்பைச் சுற்றி 4 மி.மீ. ஆழத்துக்குச் சிறு சிறு வெட்டு. தொப்பியின் தலைப்பகுதியில் ஒட்டி, வெட்டிய பற்களைச் சுவரின் மேல் மடித்து அமுக்குங்கள்.
5. சுவருக்கு 2.4 செ.மீ. அகலம், 10.8 செ.மீ. நீளப் பட்டை. இதைத் தையல்காரர்கள் சொல்லும் கிராஸாக, அதாவது சாய்வாக வெட்டுங்கள். நேராக வெட்டிய துணி வளைவில் சுருங்கும். கிராஸ் துணி இழுத்த இழுப்புக்கு வந்து படியும்.
6. பட்டையின் மேல் ஓரத்தில் 5 மி.மீ. உள்ளே மடித்துத் தேய்த்துக்கொள்ளுங்கள். மடிப்பு தொப்பியின் மேல்விளிம்போடு சரியாக நிற்கும்படி சுற்றி ஒட்டுங்கள். மிச்சத்தைத் தொப்பிக்குள் மடித்து ஒட்டுங்கள். இணைப்பு பின்பக்கம் வரட்டும்.
7. உள்ளே வெள்ளைத் துணி வட்டம் ஒன்றை ஒட்டுங்கள். இது அழகுக்காக இல்லை; வெளித்துணியின் சாயம் தலைக்கு இறங்காமல் தடுக்கத்தான்.

நாலாவது, ஆறாவது படிகளில்தான் பெரும்பாலான தொப்பிகள் கெட்டுப்போகின்றன. பட்டுத் துணியில் பசை ஊறி, எண்ணெய் பட்ட மாதிரி கறுத்த திட்டு விழும். அதற்கு வழி இதுதான்: பசையைத் துணியில் தடவாதீர்கள், பக்ரத்தில் தடவுங்கள். தடவியதும் ஒட்டாதீர்கள். பசையின் பால் வெள்ளை மறைந்து கண்ணாடி போல ஆகத் தொடங்கும், தொட்டால் விரலில் ஒட்டும், ஆனால் விரலோடு வராது. அந்தப் பதத்தில் துணியை வைத்து விரலால் நீவுங்கள். மழைக்காலத்தில் அந்தப் பதம் வர நேரம் பிடிக்கும், சித்திரை வெயிலில் நொடியில் தாண்டிப் போய்விடும். அதனால் நிமிடக் கணக்குச் சொல்லவில்லை. பசையைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

*வலை*

8. நெட் துணியில் 12 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலத்துண்டு. கீழ்ப்பக்கத்து இரண்டு மூலைகளையும் வட்டமாக வெட்டிவிடுங்கள். கவுன் நெட்டின் கண்கள் ஏறக்குறைய 1 மி.மீ.தான், உண்மைத் தொப்பி வலையின் கண்ணை ஆறால் வகுத்தால் கிட்டத்தட்ட இதே அளவு வரும். கொசுவலைத் துண்டு வேண்டாம், கண் பெரிது, நூலும் தடிமன்.
9. மேல் ஓரத்தில் ஓட்டுத் தையல் போட்டு 6 செ.மீ. ஆகும்வரை சுருக்குங்கள்.
10. தொப்பியின் முன்பாதியில் கீழ்விளிம்புக்குச் சற்று மேலே வைத்து நாலைந்து இடத்தில் தைத்து நிறுத்துங்கள். வலை மூக்கு நுனியோடு நிற்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தால் துக்கவீட்டுத் தொப்பி போலாகிவிடும், வெட்டிவிடுங்கள்.
11. தையலை மறைக்க 3 மி.மீ. ரிப்பனைச் சுற்றி ஒட்டி, பின்பக்கம் தட்டையான சிறு போ வையுங்கள். உண்மையாக முடிச்சுப் போட்டால் முடிச்சே கட்டியாகத் தெரியும். ரிப்பனை மடித்து நடுவில் நூலால் கட்டி, அதன் மேல் ரிப்பன் துணுக்கு ஒன்றைச் சுற்றினால் மெல்லியதாக அமையும்.
12. இரண்டு பக்கமும் உள்ளே மெல்லிய எலாஸ்டிக் நூலைத் தைத்து, கூந்தலுக்கு அடியில் பிடரியில் போகும்படி மாட்டுங்கள்.

*குறும்புக்கு ஓர் இடம்*

தொப்பியில் கொஞ்சம் விளையாடலாம். பாரிஸில் உடையலங்காரக் கலைஞர் எல்ஸா ஸ்கியாபரெல்லி, ஓவியர் சல்வதோர் தாலியோடு சேர்ந்து 1937-ல் தலைகீழாகக் கவிழ்த்த பெண்கள் செருப்பையே தொப்பியாகச் செய்தார்! அந்தத் துணிச்சலை நாமும் எடுத்துக்கொள்ளலாம். பொம்மையின் தொலைந்துபோன ஜோடியில் மிஞ்சிய ஒற்றைச் செருப்பு, நூலைச் சுருட்டிச் செய்த பறவைக்கூடும் அதில் வெள்ளை மணி முட்டைகள் மூன்றும், ஓர் ஒற்றைச் சிறகு என்று எதை வேண்டுமானாலும் மேலே உட்கார வையுங்கள். ஆனால் ஒன்றே ஒன்று. கூட்டோடு செருப்பும் ரிப்பன் பூவும் வந்தால் மூன்றுமே கண்ணில் படாது. அதேபோல் தொப்பி குறும்பானால் பை அடக்கமாக இருக்கட்டும். பை குறும்பானால் தொப்பி வாயைத் திறக்கக் கூடாது.

3. முத்துமாலை

இங்கே அளவுதான் எல்லாம். பெண்கள் போடும் 8 மி.மீ. முத்தை ஆறால் வகுத்தால் 1.3 மி.மீ. அவ்வளவு சின்ன முத்து கிடைப்பது கஷ்டம். 2 மி.மீ. முத்து அவளுக்கு 12 மி.மீ.; கொஞ்சம் ஆடம்பரம், ஆனால் 1950களில் பெரிய போலி முத்தைத் தாராளமாகப் போட்டார்கள், பொருந்தும். 3 மி.மீ. முத்து 18 மி.மீ. ஆகிவிடும், கோலிக்குண்டு கோர்த்த மாதிரி இருக்கும். பளீர் வெள்ளையைத் தவிர்த்துச் சந்தன வெள்ளையாக எடுங்கள், பழமை தானாக வரும்.

1. பொம்மையின் கழுத்தை நூலால் சுற்றி அளந்து, 3 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.
2. 30 செ.மீ. நைலான் நூலில் ஏழெட்டுச் சின்னப் பாசியைக் கோர்த்து வளையமாக்கி முடிச்சிடுங்கள். இது கொக்கி மாட்டும் கண்.
3. முத்துகளைக் கோர்த்துக்கொண்டே போய்க் கழுத்தில் வைத்துப் பாருங்கள். மாலை கழுத்தடியில் படிந்து நிற்க வேண்டும்.
4. கடைசியில் ஒரு 3 மி.மீ. முத்து, அதற்கப்புறம் ஒரு பாசி. பாசியைத் தாண்டி நூலைத் திருப்பி, அதே 3 மி.மீ. முத்துக்குள் விட்டு, மாலையில் நாலைந்து முத்து வரை பின்னோக்கிக் கோர்த்து முடிச்சிடுங்கள்.
5. முடிச்சில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு. காய்ந்த பிறகு நூலின் மிச்சத்தை வெட்டுங்கள்.

பெரிய முத்து பாசி வளையத்துக்குள் சற்று இறுக்கமாக நுழைந்தால் கொக்கி தயார். எளிதாக நுழைந்தால் எளிதாக வெளியேயும் வந்துவிடும். அவிழ்த்து ஒரு பாசியைக் குறைத்து மறுபடி போடுங்கள்.

இரண்டு சரம், மூன்று சரம் வேண்டுமானால் ஒவ்வொரு சரமும் முந்தியதைவிட மூன்று, நான்கு முத்து கூடுதலாக இருக்கட்டும். எல்லாம் ஒரே நீளமானால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கயிறு முறுக்கிய மாதிரி கிடக்கும்.

கவனம்: கம்பியில் கோர்த்தால் மாலை வளையமாக அழகாக நிற்கும் என்பது உண்மைதான். ஆனாலும் கழுத்து வினைலில் உலோகம் படும் என்பதால் நூலையே சொல்கிறேன்.

4. செர்ரிக் கூடைப் பை

கோடைக்காலத்தில் பெண்கள் கையில் எடுத்துப்போன பின்னல் கூடைப் பைகளின் மேல் பூ, பழம், நாய்க்குட்டி என்று எதையாவது ஒட்டி விளையாடியது 1950களின் வழக்கம். நமக்குப் பழம் போதும். மாலையில் கோலிக்குண்டாகத் தெரிந்த 3 மி.மீ. மணி இங்கே 18 மி.மீ. செர்ரியாகிவிடும், அளவு அச்சாகப் பொருந்தும்.

1. 4 செ.மீ. குறுக்களவுள்ள மருந்து பாட்டில் ஒன்றைப் பாலித்தீனால் சுற்றுங்கள். அதன் மேல் மெல்லிய தாளை 2.5 செ.மீ. உயரத்துக்கு ஒரு சுற்று சுற்றி ஒட்டுங்கள். தாள் பாட்டிலில் ஒட்டக் கூடாது, தன்மேல்தான் ஒட்ட வேண்டும்.
2. 4 செ.மீ. அட்டை வட்டத்தை அடியில் ஒட்டுங்கள்.
3. குரோஷே நூலை எடுத்து, அடி வட்டத்தின் நடுவிலிருந்து சுருள் சுருளாகப் பசை மேல் வைத்துக்கொண்டே வாருங்கள். விளிம்பு வந்ததும் நூலை வெட்டாமல் சுவரில் ஏற்றிச் சுற்றிச் சுற்றி மேலே போங்கள்.
4. ஒரே சமயத்தில் மூன்று சுற்றுக்கு மட்டும் பசை தடவுங்கள். முழுச்சுவருக்கும் தடவிவிட்டால் பாதி வழியிலேயே காய்ந்துவிடும். ஒவ்வொரு சுற்றையும் நகத்தால் கீழ்ச்சுற்றோடு நெருக்குங்கள். இடைவெளி விழுந்தால் தாள் எட்டிப் பார்க்கும்.
5. இரவு முழுக்கக் காயவிட்டுப் பாட்டிலை உருவுங்கள்.
6. அதேபோல் 4.2 செ.மீ. வட்டத்தில் மூடி செய்து, பின்பக்கம் இரண்டு இடத்தில் நூலால் தைத்துக் கீல் போலாக்குங்கள்.
7. கைப்பிடிக்குக் கம்பியை மேலே வளைத்து, அதே நூலை இடைவெளியின்றிச் சுற்றுங்கள். பக்கச்சுவரில் துளையிட்டு இரண்டு முனைகளையும் உள்ளே மடக்கி, மேலே தாள் ஒட்டி முனையை மூடுங்கள். பொம்மையின் கை முழங்கை வரை நுழைகிறதா என்று ஒட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.
8. பச்சை நூலின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு சிவப்பு மணியைக் கோர்த்து, நடுவில் மடித்துக் கட்டினால் செர்ரி ஜோடி ஒன்று. இரண்டு ஜோடி போதும். பச்சை ரிப்பனில் 6 மி.மீ. இலை ஒன்றை வெட்டி, செர்ரிகளோடு சேர்த்து மூடியின் நடுவிலிருந்து சற்றே ஓரமாக ஒட்டுங்கள். சரிநடுவில் வைத்தால் சாவி கொடுத்த மாதிரி விறைப்பாக இருக்கும்.

பழைய கூடையின் நிறம் வேண்டுமென்றால் நூலைச் சுற்றுவதற்கு முன்பே பால் கலக்காத தேயிலைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அலசி உலர்த்துங்கள். ஃபெவிகால் பட்ட நூலில் நிறம் ஏறாது, திட்டுத் திட்டாக நிற்கும். அதனால் செய்து முடித்த கூடையை நனைக்க நினைக்காதீர்கள்.

5. பூனைக்கண் கண்ணாடி

வெளிமூலைகள் மேலே ஏறிய சட்டம். கடைசியாக வைத்ததற்குக் காரணம், இதில் இடதும் வலதும் ஒன்றுபோல் வர வேண்டும். கை பழகாமல் வராது. முதலில் தாளில் வரைந்து வெட்டிப் பொம்மை முகத்தில் வைத்துப் பார்த்து, அந்தத் தாளையே வார்ப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

1. 18 செ.மீ. கம்பியை நிமிர்த்தி, நடுவில் 3 மி.மீ. விட்டு அடையாளம் வையுங்கள். இது மூக்குப் பாலம்.
2. அடையாளத்தின் ஒரு பக்கத்தில் பென்சிலை வைத்துக் கம்பியை ஒரு சுற்று சுற்றுங்கள். மறுபக்கமும் அப்படியே. பென்சில் 7 மி.மீ.; ஆறு மடங்கானால் நம் கண்ணாடி வட்டத்தின் அளவு.
3. நோஸ் பிளேயரால் வெளி மேல்மூலையைப் பிடித்துச் சற்றே மேலே இழுத்துக் கூராக்குங்கள். வார்ப்பின் மேல் வைத்து ஒப்பிடுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போகாமல் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக வளையுங்கள்.
4. அந்த மூலையிலிருந்து கம்பியைப் பின்னோக்கி நேர்கோணத்தில் மடக்குங்கள். 2.5 செ.மீ. விட்டு வெட்டி, முனையைச் சுருட்டி மழுக்குங்கள். கூர்முனை வினைல் கன்னத்தில் கீறிவிடும்.
5. வெள்ளை நெயில் பாலிஷ் மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. ஒரே தடித்த பூச்சு மூலையில் சொட்டாகத் திரளும். வேலை செய்யும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும்.
6. நீல ஜெலட்டின் பேப்பரைச் சட்டத்தைவிட 1 மி.மீ. பெரிதாக வெட்டி, சட்டத்தின் பின்பக்கம் ஃபெவிகால் தடவி ஒட்டுங்கள். காய்ந்ததும் மிச்சத்தை நகம் வெட்டும் சிறு கத்தரியால் நறுக்குங்கள்.

நெயில் பாலிஷ் தொட்டுப் பார்க்கக் காய்ந்திருந்தாலும் அதன் கரைப்பான் முழுதாகப் போயிருக்காது. ஒரு நாள் முழுக்கக் காற்றில் வைத்த பிறகே முகத்தில் மாட்டுங்கள். முன்கூட்டி மாட்டினால் முகத்துச் சாயத்தைத் தின்றுவிடும். பாலிஷ் நீக்கும் திரவத்தைப் பொம்மையின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

எடுத்து வைக்கும் முறை

காட்சிக்கு வைத்த பிறகு தொப்பியையும் மாலையையும் மாதம் ஒருமுறை கழற்றி, அடியில் வினைலில் கறை தெரிகிறதா என்று பாருங்கள். கண்ணாடியைப் பாலிஷ் பூசியிருந்தாலும் நிரந்தரமாக மாட்டி வைக்க வேண்டாம். நேர் வெயிலில் ரிப்பனும் தேயிலை நிறமும் வெளுக்கும். கடலோர ஊர்களில் கம்பி சீக்கிரம் துருவோ பச்சையோ பிடிக்கும். மருந்து பாட்டிலிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைச் சேர்த்து வைத்து, மூடிய டப்பாவில் ஒன்று போடுங்கள். அதுவும் சின்னப் பிள்ளைகள் வாய்க்குப் போகக் கூடாத பொருள்தான். பொருள்களைத் தனித்தனியாகச் சாயமில்லாத வெள்ளை டிஷ்யூ தாளில் சுற்றுங்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள். அது நாளாக நாளாக இளகித் துணியிலும் வினைலிலும் ஒட்டி மஞ்சள் கோடு விட்டுவிடும். வெள்ளைப் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டினால் போதும்.